ஒரு டிரங்குப் பெட்டியும் நான்கு பின்னலாடைகளும்: கோத்தகிரி வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கார்த்திகையில் பனி இறங்கத் தொடங்கினால் நீலகிரி வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பெட்டிகளும் இறங்கும். கோத்தகிரியில் ஒரு வீட்டில் அப்படி இறக்கிய தகர டிரங்குப் பெட்டியிலிருந்து நான்கு பின்னலாடைகள் பழுதுபார்ப்பதற்காக என்னிடம் வந்தன. மாமியார் கையால் பின்னிய மரூன் நிறக் கம்பளி ஸ்வெட்டர். வீட்டுக்காரருடைய சாம்பல் நிற மெரினோ ஆட்டுக் கம்பளி ஸ்வெட்டர். பையன் பள்ளிக்குப் போட்டுப்போகும் பச்சை ஸ்வெட்டர். திருப்பூரில் வாங்கிய முழுக்கை டி-சர்ட். நான்கும் நான்கு விதமாகக் கெட்டிருந்தன. மரூன் ஸ்வெட்டரில் ஓட்டைகள். சாம்பல் ஸ்வெட்டர் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் போதாத அளவுக்குச் சுருங்கித் தடித்திருந்தது. பச்சை ஸ்வெட்டர் முழங்கால்வரை தொங்கியது. டி-சர்ட்டின் பக்கத் தையல் தொப்புளை நோக்கித் திரும்பியிருந்தது.

“எல்லாம் அந்துப்பூச்சி வேலை அக்கா. அந்துருண்டை போட்டும் இப்படி ஆகிவிட்டது” என்றார் அந்த வீட்டு மருமகள்.

அந்துப்பூச்சிமேல் பழி போடுவது எளிது. அது மறுத்துப் பேசாது. ஆனால் பார்த்தவரையில் அந்து கடித்தது ஒன்றை மட்டும்தான். ஒன்றைச் சலவை இயந்திரம் கெடுத்திருந்தது. ஒன்றைச் சுடுதண்ணீரும் கொடியும் கெடுத்திருந்தன. ஒன்று ஆலையிலிருந்து வரும்போதே கோணலை உள்ளே வைத்துக்கொண்டு வந்திருந்தது. நான்கில் எதுவும் உடுத்தி உடுத்தித் தேய்ந்தது என்று சொல்வதற்கில்லை. முழங்கைகள் நான்கிலும் நன்றாகவே இருந்தன. பின்னலாடை நம் உடம்பில் இருக்கும்போது கெடுவது குறைவு. வாளியிலும் கொடியிலும் பெட்டியிலும்தான் அதற்கு ஆபத்து. இந்தப் பெட்டி அதற்கு நல்ல சாட்சி என்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

கண்ணிகளின் குணம்

நெய்த துணியில் நெடுக்கு நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் நேர்கோட்டில் ஓடுகின்றன. இழுத்தால் பளுவை நூலே தாங்குகிறது. பின்னலில் நூல் நேராக ஓடுவதே இல்லை. வளைந்து வளைந்து கண்ணியாகி, ஒரு வரிசைக் கண்ணி அடுத்த வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து நிற்கிறது. இழுத்தால் முதலில் மாறுவது கண்ணியின் வடிவம்; நூலின் முறை அதற்குப் பிறகுதான். ஸ்வெட்டர் உடம்போடு வளைந்துகொடுப்பதும், கண்ணிகளுக்குள் காற்றைத் தேக்கிக் கதகதப்பாக வைத்திருப்பதும் இதனால்தான். நனைந்து கனத்த நிலையில் தொங்கவிட்டால் ஆள் நீளத்துக்கு இழுபடுவதும் இதே காரணத்தால்தான். ஓர் இடத்தில் நூல் அறுந்தால், நெய்த துணியில் அது ஓட்டையாக நின்றுவிடும்; பின்னலில் நெடுக்காகக் கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே போகும். அறுந்த கண்ணியை அன்றைக்கே ஊக்கு குத்தி நிறுத்தினால் பழுது விரல்நுனி அளவோடு முடியும். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் சாண் அளவாகிவிடும்.

எது என்ன நூல்

பழுதுபார்ப்பதற்கு முன் நூலைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரர் சொன்னதையும் வீட்டார் நம்பியதையும் ஓரமாக வைத்துவிட்டு, தையலின் உள்பக்கத்திலிருந்து கொஞ்சம் இழை எடுத்து, இடுக்கியில் பிடித்து, தட்டுக்கு மேலே தீக்குச்சியைக் காட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். செயற்கை இழையின் புகை நல்லதல்ல.

மரூனும் சாம்பலும் தீயைக் கண்டு சுருண்டன, முடி பொசுங்கும் நாற்றம் வந்தது, தீக்குச்சியை எடுத்ததும் தாமாக அணைந்தன. மிஞ்சிய கரி விரலில் பொடிந்தது. இரண்டும் கம்பளி. டி-சர்ட் இழை நின்று எரிந்து மெல்லிய சாம்பலானது: பருத்தி. பச்சை ஸ்வெட்டரின் இழையோ உருகி, கறுப்புப் புகைவிட்டு எரிந்து, நசுக்கினால் நசுங்காத கெட்டி மணியாக உறைந்தது. அது அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. வாங்கிய நாள் முதல் அதைக் கம்பளி என்றே வீட்டில் எண்ணியிருந்தார்கள்.

இதில் ஏமாற்றம் ஒன்றுமில்லை. ஸ்வெட்டர் என்றாலே கம்பளி என்று நாம்தான் வைத்துக்கொள்கிறோம். இந்தியாவின் ஸ்வெட்டர் தொழிலுக்குத் தலைநகர் லூதியானா. அங்கிருந்து வரும் சரக்கில் ஆஸ்திரேலிய மெரினோவும் உண்டு, முழு அக்ரிலிக்கும் உண்டு, இரண்டும் கலந்ததும் உண்டு. அக்ரிலிக் விலை குறைவு, நிறம் மங்காது, அந்து தொடாது. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போக அதுவே போதும் என்பேன். ஆனால் கம்பளிக்குச் செய்யும் பராமரிப்பு வேறு, அக்ரிலிக்குக்குச் செய்வது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பாவித்ததில்தான் இந்தப் பெட்டியின் பாதிக் கதை அடங்கியிருக்கிறது.

மரூன் ஸ்வெட்டர்: ஓட்டைகள் இருந்த இடங்கள்

பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஓட்டைகள் கழுத்துப் பட்டையின் உள்பக்கம், இரு அக்குள்கள், முன்புறம் நெஞ்சுக்குக் கீழே ஓர் இடம் ஆகியவற்றில் மட்டுமே இருந்தன. முதுகில் ஒன்றுகூட இல்லை. முன்புற ஓட்டையைச் சுற்றி மங்கலான கறை தெரிந்தது. குழம்போ சாம்பாரோ சிந்திக் காய்ந்த இடம்.

தேய்ந்து விழுந்த ஓட்டையின் ஓரத்தில் நூல் மெலிந்து பஞ்சு பிரிந்திருக்கும். ஆணியிலோ முள்ளிலோ மாட்டிக் கிழிந்ததென்றால் பக்கத்துக் கண்ணிகள் இழுபட்டுச் சுருங்கியிருக்கும். இங்கே நூல் கத்தரித்ததுபோல் நறுக்கென்று நின்றது. சில இடங்களில் ஓட்டை விழவில்லை. நூலின் மேல்பாதியை மட்டும் மேய்ந்துவிட்டு அடிப்பாதியை விட்டுவைத்திருந்தது. மடிப்புகளில் மணல்போன்ற துகள்கள். உற்றுப் பார்த்தால் அவையும் மரூன் நிறம். கம்பளியைத் தின்னும் புழுவின் எச்சத்தில் சாயம் அப்படியே வெளியேறும்.

அக்குள் மடிப்பில் குற்றவாளியின் கூடும் கிடைத்தது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, இருபுறமும் திறந்த, தட்டையான சிறு குழல். இந்த வகை அந்துப்புழு தான் தின்னும் இழையைக் கொண்டே தனக்குக் கூடு கட்டி, போகுமிடமெல்லாம் இழுத்துக்கொண்டு போகும். வளர வளரக் கூட்டின் இரு முனைகளிலும் இழை சேர்த்து நீட்டும். ஆகவே கூட்டின் நடுப்பகுதி பழையது, முனைகள் புதியவை. இந்தக் கூட்டின் முனைகள் மரூன். நடுப்பகுதி கறுப்பு.

பெட்டியில் கறுப்புக் கம்பளி எதுவும் இருந்ததில்லை என்று வீட்டார் உறுதியாகச் சொன்னார்கள். அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

இன்னொரு கேள்வியும் இருந்தது. சாம்பல் ஸ்வெட்டரும் கம்பளிதான்; மரூனுக்கு அடுத்த மடிப்பில்தான் இருந்தது; அதில் ஒரு பல் தடம்கூட இல்லை. பச்சையைத் தொடாதது புரிகிறது, அது அக்ரிலிக். சாம்பலை ஏன் விட்டது? பெட்டிக்குள் வைப்பதற்குமுன் அதைத் துவைத்திருந்தார்கள். அந்தச் சலவையில்தான் அது சுருங்கிப்போனது என்பது தனிக் கதை. மரூனை மட்டும், “அம்மா பின்னியது, துவைத்தால் கெட்டுவிடும்” என்று பயந்து, போட்டுக் கழற்றியபடியே மடித்து வைத்திருந்தார்கள்.

கம்பளி கெராட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நம் முடியும் நகமும் அதே பொருள்தான். அதைச் செரிக்கக்கூடிய உயிர்கள் குறைவு. அந்துப்புழுவுக்கு அந்தத் திறமை உண்டு. ஆனால் வெறும் கெராட்டினை மட்டும் தின்று அது சரியாக வளராது. வியர்வை, தோல் எண்ணெய், உணவுக்கறை ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் உப்பும் உயிர்ச்சத்துகளும் அதற்கு வேண்டும். கழுத்து, அக்குள், சாம்பார்க் கறை என்று அது இடம் பார்த்து உட்கார்ந்ததன் ரகசியம் இதுதான். மதிப்புள்ள ஸ்வெட்டரைத் துவைக்காமல் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அதைப் புழுவுக்கு விருந்தாக்கினார்கள்.

கம்பளியை அரிக்கும் வளர்ந்த அந்து எதையும் தின்பதில்லை. வெளிச்சத்தையும் விரும்பாது. மாலையில் டியூப்லைட்டைச் சுற்றும் பூச்சிகளை அடித்து ஓய்பவர்கள் பெரும்பாலும் அப்பாவிகளைத்தான் அடிக்கிறார்கள். முட்டையிடுவது மட்டுமே தாய்ப்பூச்சியின் வேலை; அழிவு முழுதும் புழுவின் கைங்கரியம். பரண் இருந்த இடமும் அதற்குத் தோதானது: சமையலறைக்கு மேலே, இருட்டு, அடுப்பின் வெதுவெதுப்பு.

அந்துருண்டை பற்றி ஒரு வார்த்தை. நாப்தலின் உருண்டை திடநிலையிலிருந்து நேரே ஆவியாகும். அந்த ஆவி மூடிய இடத்துக்குள் அடர்ந்தால்தான் புழுவைக் கொல்லும். இந்த டிரங்குப் பெட்டியின் மூடி சரியாக உட்காரவில்லை, பின்மூலையில் துரு தின்று விரல் நுழையும் ஓட்டை வேறு. ஆவி அறைக்குள் பரவியதே தவிரப் பெட்டிக்குள் நிற்கவில்லை. அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் பட்ட துணிகளால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் அபாயம் உண்டு. அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரிந்திருப்பதில்லை. குழந்தை உள்ள வீட்டில் அந்துருண்டையே வேண்டாம் என்பதில் நான் கறாராக இருப்பேன். வேப்பிலையும் வசம்பும் நம் பாட்டிமார் வைத்தவை. வைக்கலாம், வாசனை நல்லது. ஆனால் முட்டை ஏற்கெனவே ஏறிய அழுக்கு ஸ்வெட்டருக்குப் பக்கத்தில் வேப்பிலையைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடாது.

சாம்பல் ஸ்வெட்டர்: மீளாத சுருக்கம்

இதற்கு வாக்குமூலமே இருந்தது. வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உதவி செய்கிறேன் என்று ஜீன்ஸ், துண்டுகளோடு சேர்த்து முழுத் தானியங்கி இயந்திரத்தில் போட்டு, 40 டிகிரியில், வழக்கமான சலவைத்தூளோடு ஓடவிட்டிருக்கிறார். காலரில் தைத்திருந்த சலவைக் குறிப்புப் பட்டையில் தண்ணீர்த் தொட்டிக்குள் கை இருக்கும் சின்னம் பளிச்சென்று அச்சாகியிருந்தது. கையால் மட்டும் துவைக்கவும் என்று பொருள். முக்கோணத்தின்மேல் குறுக்குக்கோடு வெளுப்பான் கூடாது என்பதற்கு. சதுரத்துக்குள் வட்டம் போட்டு அதன்மேல் குறுக்குக்கோடு உலர்த்தும் இயந்திரம் கூடாது என்பதற்கு. இந்தச் சின்னங்களை ஒருமுறை கற்றுக்கொண்டால் எந்த மொழிக்காரன் தைத்த உடுப்பையும் படித்துவிடலாம்.

கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. எல்லாம் இழையின் நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். சிறுவயதில் புல்கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு விளையாடியிருப்போம். எப்படி அசைந்தாலும் அது மேலே மேலேதான் ஏறும், இறங்காது. கம்பளி இழையும் அப்படித்தான். நனைந்து, சூடேறி, அலைக்கப்படும்போது இழைகள் ஒன்றையொன்று உரசி ஒரே திசையில் நகர்கின்றன. திரும்பிவரச் செதில் விடாது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு தடித்த கம்பளித்துணி ஆகிவிடும். சாம்பல் ஸ்வெட்டரில் கண்ணிகளையே பார்க்க முடியவில்லை. மெரினோ இழை மெல்லியது, நம் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அதனால் வெகு எளிதில் இப்படிப் பூட்டிக்கொள்ளும்.

சுடுதண்ணீர்தான் காரணம் என்று பலர் சொல்வதுண்டு. பாதி உண்மை. அசையாமல் வெந்நீரில் கிடந்தால் கம்பளி அவ்வளவு சுருங்காது. அலைத்தல்தான் முதல் காரணம். சூடும் சோப்பும் அதற்குத் துணைபோகின்றன. பச்சைத் தண்ணீரிலேயே கல்லில் அடித்துத் துவைத்தாலும் இதே கதிதான். சலவைத்தூளும் பார் சோப்பும் காரத்தன்மை மிகுந்தவை. காரத்தில் கம்பளி உப்பி வலுவிழக்கும். கறை நீக்கும் நொதிகள் சேர்த்த தூள் இன்னும் மோசம். முட்டை, இரத்தக் கறைகளைப் போக்குவதற்காகப் புரதத்தைச் சிதைக்கும் நொதியை அதில் சேர்க்கிறார்கள், ஸ்வெட்டரும் புரதம்தானே. குளோரின் வெளுப்பானில் கம்பளி கரைந்தே போகும்.

இயந்திரத்தில் துவைக்கலாம் என்று பட்டையில் போட்ட கம்பளியும் உண்டு. சூப்பர்வாஷ் என்பார்கள். அதில் செதில்களைக் குளோரினால் மழுக்கி, மேலே மெல்லிய பிசின் பூச்சு கொடுத்திருப்பார்கள். அதையும் வலைப்பைக்குள் போட்டு, கம்பளிக்கான மென்சுழற்சியில் ஓடவிடுவதே நல்லது.

சுருங்கியதைத் தலைமுடிக் கண்டிஷனரில் ஊறவைத்து இழுத்தால் பழைய அளவுக்கு வரும் என்று அந்த வீட்டில் யாரோ சொல்லி, முயன்றும் பார்த்திருக்கிறார்கள். நனைந்ததால் லேசாக இறுகியது மட்டும் என்றால் ஓரளவு வரும். பூட்டிக்கொண்ட செதிலை எந்தக் கண்டிஷனரும் திறக்காது.

நான் கம்பளியைத் துவைக்கும் விதம் இது. துவைப்பதற்கு முன் ஸ்வெட்டரைப் பழைய செய்தித்தாள்மேல் விரித்து, பென்சிலால் சுற்றுக்கோடு போட்டுக்கொள்வேன். அகலமான டப்பில் முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியாத, குளிர்ச்சியும் தெரியாத தண்ணீர். அதில் சாதாரண ஷாம்பு ஒரு தேக்கரண்டி, அல்லது பூந்திக்கொட்டை ஊறிய நீரை வடிகட்டி நுரைத்தது. பூந்திக்கொட்டை லேசான புளிப்புத்தன்மை உள்ளது, கம்பளிக்கும் பட்டுக்கும் அது ஒத்துப்போகும். வெள்ளைக் கம்பளிக்கு மட்டும் பழுப்பேறும் என்பதால் வேண்டாம். ஸ்வெட்டரை உள்வெளியாகத் திருப்பி, அமிழ்த்தி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விடுவேன். தேய்ப்பதில்லை, கசக்குவதில்லை, முறுக்கிப் பிழிவதே இல்லை. பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். கடைசி அலசலில் ஒரு மூடி வினிகர்.

தூக்கும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கம்பளி நனைந்தால் அதன் வலு குறையும். பருத்திக்கோ நனைந்தால் கூடும். பனியனை வாளியிலிருந்து ஒரு கையால் உருவி எடுக்கிற பழக்கத்தில் ஸ்வெட்டரையும் தோளைப் பிடித்து உருவினால், உள்ளே நிற்கும் தண்ணீர் முழுதும் அந்தத் தோளில் தொங்கும். இரு கையாலும் அடியில் தாங்கி, மொத்தையாகத் தூக்கி, தடித்த துண்டின்மேல் விரித்து, துண்டோடு சேர்த்துச் சுருட்டி, மேலே ஏறி மிதித்தால் ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு கயிற்றுக் கட்டில்மேல் உலர்ந்த துண்டு விரித்து, செய்தித்தாள் கோட்டுக்குச் சரியாக வடிவம் தட்டி, நிழலில் காயவைக்க வேண்டும். கயிற்றுக் கட்டிலில் அடிக்காற்றும் கிடைக்கும். கடைகளில் விற்கும் வலைத்தட்டுகள் எதுவும் அதற்கு ஈடில்லை.

இவ்வளவு பாடு ஒவ்வொரு முறை போட்ட பிறகும் பட வேண்டியதில்லை. உள்ளே ஒரு பருத்திச் சட்டை போட்டு, கழற்றியதும் நாற்காலி முதுகில் ஓர் இரவு காற்றாட விட்டு, மறுநாள் அதற்கு ஓய்வு கொடுத்தால், குளிர்காலம் முழுவதற்கும் ஓரிரு சலவை போதும். பெட்டிக்குள் போவதற்குமுன் போடும் சலவையை மட்டும் தவிர்க்கவே கூடாது.

பச்சையும் டி-சர்ட்டும்

பச்சை ஸ்வெட்டரைக் கம்பளி என்று நினைத்த வீட்டார், கம்பளிக்குச் செய்யக்கூடாததை எல்லாம் அதற்குச் செய்தார்கள்: வெந்நீரில் துவைத்து, தோளில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டு, நீராவித் தேய்ப்புப் பெட்டியால் அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். அக்ரிலிக் கம்பளிபோல் இறுகிச் சுருங்காது. ஆனால் ஈரச்சூட்டில் இளகும். இளகிய நிலையில் எந்த வடிவத்தில் இழுபட்டதோ அந்த வடிவத்திலேயே ஆறிப்போகும். அந்த முழங்கால் நீளம் அப்படி வந்தது. இனி எத்தனை முறை துவைத்தாலும் அது மேலே ஏறப்போவதில்லை. பச்சைத் தண்ணீர், கிடைமட்டமாக உலர்த்தல், தேய்ப்புப் பெட்டிக்குத் தடை: அக்ரிலிக்குக்கு இவ்வளவு போதும்.

தோளிலும் இடுப்பிலும் பிசிறு திரண்ட உருண்டைகள் மண்டியிருந்தன. புத்தகப்பையின் பட்டை உரசும் இடங்கள். கம்பளியிலும் இப்படித் திரளும். ஆனால் கம்பளி இழை வலுக்குறைந்தது என்பதால் நாளடைவில் உருண்டை அறுந்து உதிர்ந்துவிடும். அக்ரிலிக் இழை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்ளும். கையால் பிய்த்தால் உள்ளிருக்கும் இழையும் சேர்ந்து வெளியே வந்து அடுத்த உருண்டைக்கு வழி செய்யும். மேசைமேல் சமமாக விரித்து, பிசிறு மழிக்கும் சிறு கருவியால் அழுத்தாமல் ஓட்ட வேண்டும். சவரபிளேடால் வழிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களில் பாதிப்பேர் பிறகு ஓட்டையோடு வருகிறார்கள்.

டி-சர்ட் விஷயத்தில் வீட்டார்மேல் குற்றமில்லை. நூல் நூற்கும்போது ஏறிய முறுக்கு உள்ளேயே அடங்கியிருக்கும். துவைத்ததும் அந்த முறுக்கு தளர வழி தேடும். ஒற்றைப் பின்னலில் கண்ணிகள் ஒரு பக்கமாகச் சாயும். அவற்றோடு சேர்ந்து பக்கத் தையலும் திரும்பும். வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஒரே நேரத்தில் பல நூல்கள் ஊட்டப்படுவதால் வரிசைகள் லேசாகச் சரிந்து ஏறுவதும் இதற்கு ஒரு காரணம். நல்ல ஆலைகள் நூலிலும் துணியைப் பதப்படுத்துவதிலும் இதைக் கட்டுக்குள் வைக்கின்றன. வாங்கும்போது டி-சர்ட்டை மேசைமேல் விரித்து, துணியில் நெடுக்காக ஓடும் கண்ணிக்கோடு பக்கத் தையலுக்கு இணையாகப் போகிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். திரும்பியதை நேராக்க என்னிடம் மருந்தில்லை. வீட்டில் உடுத்தச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பழுதுபார்ப்பும் பிறகும்

சாம்பல் ஸ்வெட்டரை மீட்க முடியாது. ஆனால் இறுகிய கம்பளித்துணிக்கு ஒரு நல்ல குணம்: எங்கே வெட்டினாலும் நூல் பிரியாது. முதுகுப் பகுதியை வெட்டி அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணிகளாகத் தைத்தேன். கம்பளி எளிதில் தீப்பற்றாது, உருகிக் கையில் ஒட்டாது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

பச்சையைத் தேவையான உயரத்தில் ஒரு வரிசை நூலை உருவிப் பிரித்து, கீழ்த்துண்டை எடுத்துவிட்டு, திறந்த கண்ணிகளை ஊசியில் ஏற்றி, புதிதாக ஓரப்பட்டை பின்னினேன். நீக்கிய துண்டைப் பிரித்ததிலேயே அதற்கு நூல் கிடைத்தது.

மரூனுக்குத்தான் வேலை அதிகம். முதலில் பிளாஸ்டிக் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுகக் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்கச் சொன்னேன். ஒரு வாரம் போதும் என்பாரும் உண்டு. முட்டையும் சாக வேண்டும் என்பதால் நான் இரண்டு சொல்வேன். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக்கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் துணிமேல் ஈரம் படியும். பிறகு முற்றத்தில் வெயிலில் விரித்து, மடிப்பு மடிப்பாகத் தூரிகையால் தட்டினோம். துவைப்பதற்குமுன் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் திறந்து நின்ற கண்ணிகளை வெள்ளைப் பருத்தி நூலால் கோத்துக் கட்டினேன். கட்டாமல் தண்ணீரில் விட்டால் ஓட்டைகள் இரட்டிப்பாகும். துவைத்த பிறகுதான் பழுதுபார்ப்பு. பாதி மேய்ந்த நூல்கள் எல்லாம் சலவையில் அறுந்து தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் அடைத்து அப்புறம் துவைத்தால் மறுபடி ஊசியை எடுக்க வேண்டியிருக்கும்.

அந்த நிறத்தில் நூல் கடைகளில் கிடைக்கவில்லை. மாமியாரிடம் கேட்டபோது, பின்னும்போதே மிச்ச நூலைத் தோள் தையலின் உள்பக்கம் சிறு வளையமாகத் தைத்து வைத்திருப்பதாகச் சொன்னார். பிரித்துப் பார்த்தால் இருந்தது. ஸ்வெட்டரோடு சேர்ந்தே இத்தனை காலமும் இருந்ததால் நிறமும் அதே அளவு மங்கியிருந்தது, கழுத்தில் எது பழையது எது புதியது என்று தெரியாமல் பொருந்திவிட்டது. நான் பார்த்த பின்னல்காரர்களில் இதைச் செய்தவர் அவர் ஒருவர்தான். இப்போது நானும் நான் பின்னுகிறவற்றில் செய்கிறேன். அக்குளுக்கு மட்டும் நூல் போதவில்லை; அங்கே ஏறத்தாழ ஒத்த நிறத்தில் பின்னி வைத்தேன், கையைத் தூக்கினால் தெரியும்.

மிச்சமிருந்தது அந்தக் கறுப்பு. கம்பளியில் பிறந்து வளர்ந்த புழு கறுப்பு இழையிலிருந்து மரூனுக்கு வந்திருக்கிறது என்றால், அந்தக் கறுப்பு பெட்டிக்கு அருகில் எங்கோ இருக்க வேண்டும். மருமகள் பரணில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தார். டிரங்குப் பெட்டி இருந்த இடத்தில், தரையின் ஈரம் தாக்காமலிருக்க என்றோ நான்காக மடித்து விரித்த பழைய முரட்டுக் கறுப்புக் கம்பளிப் போர்வை ஒன்று. அதன்மேல்தான் பெட்டி பல ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தது, துருப்பிடித்த மூலை அதைத் தொட்டபடி. கீழே கொண்டுவந்து உதறியபோது சிறு குழல்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. சிலவற்றின் முனையில் தலை எட்டிப் பார்த்தது.

எரித்துவிடலாம் என்றார் வீட்டுக்காரர். அது தன் தகப்பனார் போர்த்திய கம்பளி என்று மாமியார் விடவில்லை. ஃப்ரீசரில் அது கொள்ளாது. கொண்டால்தான் என்ன, “சோறு வைக்கும் பெட்டியில் அதையும் வைப்பதா?” என்று மரூனுக்கே அவர் முகம் சுளித்திருந்தார். கோத்தகிரி வெயில் புழுவை விரட்டுமே தவிரக் கொல்லாது; அதற்கு 50 டிகிரிக்கு மேல் சூடு துணியின் உள்வரை ஏற வேண்டும். ஆகவே கம்பளியை இரட்டைப் பைக்குள் கட்டி, வீட்டுக்கு வெளியே விறகுக் கொட்டகையில் தனியாக வைத்தார்கள். மாசியில் மழை ஓய்ந்து காற்று வறண்டிருந்த ஒரு பிற்பகலில், மற்ற ஸ்வெட்டர்களைத் துவைத்துக் காயவைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்தார்கள். மழைநாளில் அடைக்கக்கூடாது என்று நான் வற்புறுத்தியிருந்தேன்: கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் உலர்ந்ததுபோலவே இருக்கும், அதை அப்படியே மூடினால் அந்துக்குப் பதில் பூஞ்சை வரும்.

சித்திரை பிறந்ததும் கம்பளி மூட்டை பஸ் ஏறி மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டுக்கு இறங்கியது. அங்கே மொட்டைமாடியில், கறுப்புப் பிளாஸ்டிக் பைக்குள், மடிப்பைப் பிரித்து மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கொரு முறை புரட்டி, அக்னி நட்சத்திர வெயிலில் காயவைத்தார்கள். திரும்பி வந்தபோது நானே உதறிப் பார்த்தேன். கூடுகள் நிறைய உதிர்ந்தன, அசைவது ஒன்றும் இல்லை. மாமியார் அதைப் பூந்திக்கொட்டை நீரில் அலசி, கம்பளியின் ஓரம் அரிபட்ட பகுதியை மட்டும் வெட்டி எறியச் சம்மதித்தார். டிரங்குப் பெட்டியில் இப்போது பித்தளைப் பாத்திரங்கள் இருக்கின்றன.